வீதி மட்டத்துக்குக் கீழுள்ள அறையில் பலகைத் தரை: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கொழும்பில் நிலக்கீழ் அறை வேண்டுமென்றே கட்டப்பட்ட வீடுகள் மிகக் குறைவு. ஆனால் நிலக்கீழ் அறையைப் போலவே நடந்துகொள்ளும் அறைகள் ஏராளம். கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் சரிவான நிலத்தில் எழுந்த பழைய வீடுகளில் பின்பக்கத்து அறை வீதியிலிருந்து மூன்று நான்கு அடி தாழ்ந்திருக்கும். வெள்ளவத்தையின் குறுக்கு வீதிகளில், தாருக்கு மேல் தார் இட்டு வீதி உயர்ந்துகொண்டே வந்ததால், ஒரு காலத்தில் இரண்டு படி ஏறி நுழைந்த முன்னறைக்குள் இன்று ஒரு படி இறங்கி நுழைகிறோம். இத்தகைய அறையைப் பிள்ளைகளின் படிப்பறையாகவோ, தையல் அறையாகவோ, மாலை வகுப்பு நடத்தும் இடமாகவோ மாற்ற எண்ணுபவர்கள், குண்டும் குழியுமான பழைய கொங்கிரீட்டை மறைத்துப் பலகைத் தரை இட விரும்புகிறார்கள். மரவேலையைத் தொழிலாகக் கொண்ட நான் அப்படியான தரைகளை இட்டிருக்கிறேன். அதைவிடக் கூடுதலாக, பிறர் இட்டுப் பழுதான தரைகளைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். கழற்றியபோது கண்டவையே இந்த வழிமுறையின் அடிப்படை.

அடிப்பலகை என்று இங்கே நான் குறிப்பிடுவது, கொங்கிரீட்டுக்கும் நாம் கால் வைக்கும் மேல்தரைக்கும் இடையே இடப்படும் பிளைவூட் தளத்தை. அது கொங்கிரீட்டின் மீது நேரடியாகவும் கிடக்கலாம், படுக்கவைத்த மரச்சட்டங்களின் மீதும் கிடக்கலாம். குறை எப்போதும் மேலேதான் கண்ணுக்குத் தெரியும். காரணமோ பெரும்பாலும் கொங்கிரீட்டிலோ அதற்கும் கீழேயுள்ள மண்ணிலோ இருக்கும். ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் இரண்டு கேள்விகளை இந்த வரிசையிலேயே கேட்க வேண்டும். ஈரம் எந்தத் திசையிலிருந்து வருகிறது? அதற்குப் பிறகே, மட்டம் எங்கே தவறியிருக்கிறது?

இதில் ஒரு முன்னெச்சரிக்கை தேவை. இந்த வேலையைப் பற்றிக் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே மண்ணின் குளிர் கொங்கிரீட்டில் ஏறி, அறையின் வெதுவெதுப்பான காற்று அதில் பட்டு நீராகிறது. அதனால் அடிப்பலகைக்குக் கீழே குளிர்காப்பு நுரையை இடுவது அவர்களுக்கு முதன்மையான வேலை. கொழும்பில் ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை. நிலத்துக்குச் சற்று ஆழத்தில் மண்ணும் ஏறக்குறைய அதே சூட்டில்தான் இருக்கும். குளிர் நமக்குப் பகை அல்ல. மண்ணிலிருந்து மேலேறும் ஈரமும், கறையானும், குளிரூட்டியை நிறுத்திய பிறகு சன்னல் வழியாக உள்ளே வரும் ஈரக்காற்றும்தான் நம்முடைய பகைகள். அவர்களுடைய அளவுகளைப் பயன்படுத்தலாம். வேலையின் முக்கியத்துவ வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

தேவையான கருவிகள் எளியவை. வளையாத இரண்டு மீற்றர் மட்டப்பலகை அல்லது அலுமினியச் சட்டம், மேசன்மார் தண்ணீர் நிரப்பிப் பயன்படுத்தும் ஒளி ஊடுருவும் மட்டக்குழாய், சுண்ணக்கட்டி, கைவிளக்கு, சிறிய சுத்தியல், தடித்த பொலித்தீன் துண்டுகள், ஒட்டுநாடா. மரத்தின் ஈரம் காட்டும் சிறிய மானி ஒன்றும் இருந்தால் மிகவும் நல்லது. மட்டக்குழாய்க்குள் காற்றுக்குமிழி நின்றால் அளவு பொய்யாகும் என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: கால் வைத்தால் தரை அமுங்குகிறது, எடுத்தால் எழும்புகிறது

இதுவே மிகுதியாகக் கேட்கப்படும் முறைப்பாடு. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு என்பதால், முதலில் பிரித்தறிய வேண்டும்.

அமுங்கும் இடத்தில் நின்று ஒருவர் மெல்ல உடலை முன்னும் பின்னும் அசைக்க, இன்னொருவர் சுற்றிலும் சுத்தியல் பிடியால் தட்டிக் கேட்கட்டும். கோறையான ஒலி ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் கேட்டு உடனே மாறினால், பலகைக்குக் கீழே கொங்கிரீட்டில் பள்ளம் இருக்கிறது. ஒலி நீளமாக, ஒரு கோட்டில் தொடர்ந்தால், சட்டம் ஒன்று கொங்கிரீட்டைத் தொடாமல் இரண்டு மேடுகளுக்கிடையே பாலம்போல் நிற்கிறது. ஒலி திடமாக இருந்தும் தரை அமுங்கினால், இடையிலுள்ள பொருள் நசுங்குகிறது: பொருள் பொதியும் வெள்ளை நுரைப்பலகையை அடியில் இட்ட அறைகளில், அலுமாரி நின்ற இடம் சில மாதங்களில் கண்ணுக்குத் தெரியும்படி தாழ்ந்துபோனதைக் கண்டிருக்கிறேன். அந்த நுரை பாரம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அதை முழுவதும் எடுத்துவிடுவதைத் தவிர வழி இல்லை.

முதல் இரண்டு காரணங்களுக்கும் மூலம் ஒன்றுதான்: கொங்கிரீட்டை அளக்காமலே வேலை தொடங்கியிருக்கிறார்கள். அமுங்கும் பகுதியின் பலகைகளைக் கழற்றியதும் திருத்தத் தொடங்கிவிடாமல், அறை முழுவதையும் அரை மீற்றர் கட்டங்களாகச் சுண்ணக்கட்டியால் பிரித்து, மட்டக்குழாயை வைத்து ஒவ்வொரு சந்தியிலும் உயரத்தை அந்த இடத்திலேயே எழுதுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு இது ஒரு மணி நேர வேலை. எழுதி முடித்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் தரையின் வடிவம் தெளிவாகத் தெரியும். பழைய தரைகள் பெரும்பாலும் ஒழுங்கற்ற அலைகளாக இருப்பதில்லை; கழுவும் தண்ணீர் ஓடுவதற்காக ஒரு மூலையை நோக்கி வேண்டுமென்றே சரித்துக் கட்டப்பட்டிருக்கும். அந்தச் சரிவு குறை அல்ல. பலகைத் தரைக்கு வேண்டியது முழுமையான கிடைமட்டம் அன்று, மேடுபள்ளமின்மை. அறை முழுவதும் ஒரே சீராக ஓர் அங்குலம் சரிந்திருந்தாலும் தரை அமுங்காது. ஆனால் மட்டப்பலகையை எங்கே வைத்தாலும் இரண்டு மீற்றர் நீளத்துக்குள் அதன் அடியில் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் ஒளி தெரியக் கூடாது. மூன்று மீற்றர் நீளத்துக்கு ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றர் வரை பொறுக்கலாம்.

முதலில் மேடுகளைத் தேயுங்கள், பிறகுதான் பள்ளங்களை நிரப்புங்கள். வரிசை மாறினால் ஒரு மேட்டுக்காக அறை முழுவதையும் உயர்த்த வேண்டிவரும். அதன் செலவு வீண். வைரத்தூள் பதித்த கிண்ண வட்டை கிரைண்டரில் பூட்டித் தேய்க்கும்போது எழும் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது. துணியை மூக்கில் கட்டிக்கொண்டு செய்யும் வேலை அல்ல இது. பொருத்தமான வடிகட்டி உள்ள முகமூடியும், தூசியை உறிஞ்சும் இயந்திரமும் வேண்டும். தூசியை அடக்கத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதென்றால், அதற்கென்றே செய்யப்பட்ட இயந்திரத்தால் மட்டுமே, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே செய்ய வேண்டும். பழைய வினைல் தகடுகளோ அவற்றுக்கு அடியில் கறுப்புப் பசையோ இருந்தால் தேய்க்கவே வேண்டாம். அவற்றில் அஸ்பெஸ்டஸ் இழை இருக்கக்கூடும்.

சட்டம் பாலம்போல் நிற்குமானால், அதன் அடியில் முட்டுக்கொடுக்கும் துண்டுகளை நாற்பது சென்ரிமீற்றருக்கு ஒன்றாகச் செருக வேண்டும். இங்கே மரச்சிராயைச் செருகுவது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். அது காய்ந்து சுருங்கியதும் நழுவும், நனைந்தால் நசுங்கும், கறையானுக்கும் வழி காட்டும். பல தடிப்புகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் தகட்டுத் துண்டுகளையே பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் தடித்த பி.வி.சி. குழாயை நெடுக வெட்டிச் சூடாக்கித் தட்டையாக்கிக்கொள்ளலாம். நான் பலமுறை அப்படிச் செய்திருக்கிறேன்.

அறிகுறி: கிறீச்சிடுகிறது

அமுங்காமல் ஒலி மட்டும் எழுந்தால், பெரும்பாலும் பலகையின் ஓரம் பக்கத்துப் பலகையோடு உரசுகிறது, அல்லது ஆணி தன் துளைக்குள் ஏறி இறங்குகிறது. அடிப்பலகைக்கு ஆணி ஆகாது, திருகாணியே வேண்டும். ஓரங்களில் பதினைந்து சென்ரிமீற்றருக்கு ஒன்றும், நடுப்பகுதியில் முப்பது சென்ரிமீற்றருக்கு ஒன்றும் போதும். பலகைக்கும் பலகைக்கும் இடையே மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விட வேண்டும். பாலை, முதிரை போன்ற வன்மரங்களில் சட்டம் அமைத்திருந்தால் முன்துளை இடாமல் திருகாணியை முடுக்கக் கூடாது: தலை முறிந்துவிடும், முறிந்த திருகாணி சட்டத்தைப் பிடித்திருப்பதுபோல் தோன்றி ஒலியை மட்டும் எழுப்பிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: மட்டக்கலவை வெடிக்கிறது, தகடு தகடாகக் கிளம்புகிறது

பள்ளங்களை நிரப்பச் சிலர் சீமெந்தையும் மணலையும் குழைத்து மெல்லியதாகப் பூசுகிறார்கள். ஓர் அங்குலத்துக்கும் குறைந்த தடிப்பில் பூசிய சீமெந்து மணல் பழைய கொங்கிரீட்டைப் பற்றிக்கொள்ளாமல் வெடித்துக் கிளம்பும். மெல்லிய பள்ளங்களுக்கு உரியது, ஊற்றியதும் தானாகப் பரவி மட்டமாகும் சீமெந்துக் கலவை. ஹாட்வெயார் கடைகளில் செல்ப் லெவலிங் என்றே கேட்கலாம். அதுவும் கிளம்பியிருக்கிறது என்றால், கீழே சொல்லும் காரணங்களில் ஒன்று நிச்சயம் இருக்கும்.

கொழும்பின் பழைய வீடுகளுக்கே உரிய காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். அந்த வீடுகளில் சிவப்புச் சாயம் கலந்த சீமெந்துத் தரையை ஆண்டுக்கணக்காக மெழுகிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருப்பார்கள். தீபாவளிக்கும் நத்தாருக்கும் முன்னர் தேங்காய் மட்டையால் தரையைத் தேய்த்துப் பளபளக்கச் செய்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த மெழுகு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தரைக்குள் ஊறியிருக்கிறது. எந்த உயர்ந்த கலவையை ஊற்றினாலும் மெழுகின்மீது அது ஒட்டாது. ஒரு தேக்கரண்டித் தண்ணீரைத் தரையில் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் நீர் ஊறிக் கருமை படர்ந்தால் கலவை பற்றும். முத்துப்போல் உருண்டு நின்றால் பற்றாது. பற்றாத இடத்தைக் கிரைண்டரால் மேல்தோல் போகும்வரை தேய்த்துத்தான் ஆக வேண்டும்; சோடாவும் சவர்க்காரமும் போதாது. என் வேலையின் தொடக்க காலத்தில் இந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யாமல் ஓர் அறைக்குக் கலவை ஊற்றினேன். மூன்று மாதத்தில் அதை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடியும் செய்து கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து தேக்கரண்டி இல்லாமல் எந்தத் தரையையும் நான் பார்க்கப் போவதில்லை.

அடுத்த காரணம் தண்ணீரின் அளவு. கலவை இலகுவாக ஓடட்டும் என்று பையில் குறித்ததைவிடக் கூடுதலாகத் தண்ணீர் சேர்த்தால், மேற்பரப்பில் பலமற்ற வெண்படலம் மிதந்து உறைந்து, விரலால் தேய்த்தாலே தூளாகும். கொழும்பின் வெயிலில் கலவை சீக்கிரமே இறுகத் தொடங்குவதுதான் கூடத் தண்ணீர் சேர்க்கத் தூண்டுகிறது. அதற்கு மாற்று வழி, காலை ஏழு மணிக்கு முன் வேலையைத் தொடங்குவதும், குளிர்ந்த தண்ணீரில் குழைப்பதும், குழைப்பதற்கு ஒருவரும் ஊற்றுவதற்கு ஒருவருமாக நிற்பதுமே. அடிப்பூச்சு இடாமல் ஊற்றினால் காய்ந்த கொங்கிரீட் கலவையின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு ஊசித்துளைகளை உண்டாக்கும். சுவரோரமாக நுரைப்பட்டி வைக்காமல் ஊற்றினால் கலவை சுவரைப் பற்றிக்கொண்டு, வற்றும்போது நடுவில் வெடிக்கும். ஜிப்சம் அடிப்படையிலான கலவை ஈர அறைக்கு ஆகாது; சீமெந்து அடிப்படையிலானதா என்று பையைப் படித்து வாங்குங்கள்.

எவ்வளவு வாங்குவது என்பதையும் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒரு சதுர மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு ஏறத்தாழ 1.7 கிலோ கலவை பிடிக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை 11 சதுர மீற்றருக்குச் சற்று மேல். சராசரி ஐந்து மில்லிமீற்றர் நிரப்ப 95 கிலோ, அதாவது 25 கிலோ பைகள் நான்கு. ஒரு பை மேலதிகமாக வைத்திருங்கள். பாதி ஊற்றிவிட்டு இன்னொரு பை வாங்கக் கடைக்கு ஓடினால், திரும்பி வருவதற்குள் முதற்பாதி இறுகிவிடும்.

அறிகுறி: பூஞ்சண வாடை, மூலையில் கறுப்புப் புள்ளிகள்

இதில்தான் மிகுதியான பணம் தவறான இடத்தில் செலவாகிறது. வாடையை மறைக்கப் பூச்சு அடிப்பதும், பூஞ்சணத்தை மருந்திட்டுத் துடைப்பதும் சில கிழமைகளுக்கு மட்டுமே உதவும். ஈரம் கீழிருந்து வருகிறதா, மேலிருந்து வருகிறதா என்பது தெரியாமல் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

ஓர் அடிப்பலகையைக் கழற்றிக் கொங்கிரீட்டை வெளியாக்கி, நாற்பத்தைந்து சென்ரிமீற்றர்ச் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டை அதன்மீது பரப்பி, நான்கு ஓரத்தையும் ஒட்டுநாடாவால் காற்று நுழையாதபடி ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரமும், முடிந்தால் இரண்டு நாளும் வெயில் படாமல் விடுங்கள். சுவரோரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, வாடை வரும் மூலையில் ஒன்று என மூன்று இடங்களில் வைப்பது நல்லது. பொலித்தீனின் கீழ்ப்புறத்தில் துளிகள் நின்றாலோ கொங்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. கீழ்ப்புறம் காய்ந்திருக்க மேற்புறம் நனைந்திருந்தால், அறைக்காற்றே தரையில் நீராகிறது. இந்தச் சோதனையை எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதும் முக்கியம். கொழும்பில் சனவரியிலும் பெப்ரவரியிலும் பெய்யும் மழை குறைவு; அப்போது காய்ந்திருந்த கொங்கிரீட் மே மாதத்திலும் ஒக்டோபர், நவம்பரிலும் நனைந்திருக்கலாம். வறண்ட மாதத்துச் சோதனையை நம்பிப் பலகை இடக் கூடாது.

கீழ்ப்புறம் நனைந்தது என்றால், உடனே மண்ணின்மீது பழி போடாமல், வீட்டுக் குழாய் கசிகிறதா என்று பாருங்கள். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் பூட்டி, மேல்தாங்கிக்குத் தண்ணீர் ஏறுவதையும் நிறுத்திவிட்டு, நீர் வழங்கல் சபையின் மானியில் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். இலக்கம் நகர்ந்திருந்தால் மானிக்கும் தாங்கிக்கும் இடையில் எங்கோ கசிவு இருக்கிறது. தாங்கியிலிருந்து இறங்கும் குழாயை அறிய, தாங்கியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து இரவு முழுவதும் விட்டுப் பார்க்க வேண்டும். கசிவு இல்லையென்றால் வெளியே போய்ச் சுவரைச் சுற்றி நடந்து பாருங்கள். கூரைப்பீலியின் தண்ணீர் அந்த மூலையின் வெளிப்புறத்தில் கொட்டுகிறதா, முற்றத்துச் சீமெந்து வீட்டுப் பக்கமாகச் சரிந்திருக்கிறதா, பக்கத்துக் கான் இலைகுழை அடைத்து நிரம்பி நிற்கிறதா என்று பாருங்கள். நான் கழற்றிப் பார்த்த ஈர அறைகளில் பலவற்றுக்கு உள்ளே எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. வெளியே பீலிக்குழாயை ஆறடி நீட்டியதும் கானைத் துப்புரவாக்கியதுமே போதுமானதாக இருந்தன.

அதற்குப் பிறகும் கீழிருந்து ஈரம் வருமானால், 1000 கேஜ் பொலித்தீன், அதாவது கால் மில்லிமீற்றர் தடிப்புள்ளது, கொங்கிரீட் முழுவதையும் மூட வேண்டும். துண்டுக்குத் துண்டு இருபது சென்ரிமீற்றர் மேலேற்றி ஒட்டி, சுவரோரங்களில் பலகையின் மேல்மட்டம்வரை மடித்து நிறுத்த வேண்டும். சட்டத்தைக் கொங்கிரீட்டில் திருகும்போது பொலித்தீன் துளைபடும். அந்த இடங்களில் பசைநாடாத் துண்டு ஒட்டிவிட்டுத் திருகுங்கள். பொலித்தீன் ஈரத்தை ஒழிப்பதில்லை, கீழேயே நிறுத்திவைக்கிறது. ஆகவே நிறுத்தப்பட்ட ஈரம் சுவரடியில் ஏறுகிறதா என்பதை அடுத்த மழைக்காலத்தில் கவனிக்க வேண்டும்.

மேற்புறம் நனைந்தது என்றால் கதை வேறு. காற்று 30 பாகைச் சூட்டிலும் 80 சதவீத ஈரப்பதத்திலும் இருக்கும்போது, 26 பாகைக்குக் குறைந்த எந்தப் பரப்பில் பட்டாலும் நீர் படியும். மண்ணோடு ஒட்டிய கொங்கிரீட் வழமையாக 27 பாகை அளவில் இருப்பதால் நீர் படியாது. ஆனால் இரவு முழுவதும் குளிரூட்டியை 22 பாகையில் ஓடவிட்ட அறையில் தரை 24, 25 பாகைக்கு இறங்கிவிடும். காலையில் குளிரூட்டியை நிறுத்தி, புதுக்காற்று வரட்டும் என்று சன்னலைத் திறந்ததும், வெளிக்காற்று பலகை இடுக்குகள் வழியாக இறங்கிக் குளிர்ந்த பொலித்தீனின் மீது நீராகப் படிகிறது. புழுக்கம் நீங்கச் செய்த காரியமே தரையை நனைக்கிறது. இதற்குத் தீர்வு பலகையைக் கழற்றுவது அல்ல. குளிரூட்டியை 26 பாகைக்கு உயர்த்துவதும், நிறுத்திய பின் இரண்டு மணி நேரம் அறையைப் பூட்டியே வைப்பதும், சுவரோர இடைவெளியைக் காற்று இறங்காதபடி மூடுவதும், இயலுமானால் ஈரமகற்றும் இயந்திரம் வைப்பதுமே தீர்வு.

அறிகுறி: கொங்கிரீட்டில் வெள்ளைத் தூள் பூக்கிறது

இது பூஞ்சணம் அல்ல, உப்பு. மண்ணிலும் சீமெந்திலும் கரைந்துள்ள உப்புகள் நீரோடு மேலேறி, நீர் ஆவியானதும் தங்கிவிடுகின்றன. ஒரு துளி தண்ணீர் விட்டால் உப்பு பெரும்பாலும் கரையும், பூஞ்சணம் கரையாது. உலர்ந்த தூரிகையால் கூட்டி அள்ளுங்கள். கழுவினால் உப்பு மறுபடியும் கொங்கிரீட்டுக்குள் இறங்கும். உப்பின்மீது மட்டக்கலவை பற்றாது. தூள் பூக்கும் இடமே ஈரம் ஏறும் இடம் என்பதால், பொலித்தீன் சோதனையை அங்கேயே வைத்துப் பார்க்கலாம்.

அறிகுறி: பலகைகளின் ஓரங்கள் சுருண்டு எழும்புகின்றன, அல்லது தரை நடுவில் கூடாரம்போல் உயர்கிறது

ஓரங்கள் மட்டும் எழும்பி, பலகையின் நடு குழிந்திருந்தால், பலகையின் அடிப்பக்கம் மேற்பக்கத்தைவிட ஈரமாக இருக்கிறது; பூஞ்சண வாடை பற்றிய அறிகுறிக்குத் திரும்பி ஈரத்தின் வழியைத் தேடுங்கள். சுருண்ட பலகையை உடனே தேய்த்து மட்டமாக்க வேண்டாம். ஈரம் நின்றதும் அது ஓரளவு தானாகவே படியும். தேய்த்திருந்தால் பின்னர் எதிர்ப்பக்கமாக வளைந்துபோகும்.

தரை முழுவதும் நடுவில் உயர்ந்தால், சுவரோரத்தில் இடைவெளி விடப்படவில்லை. மரம் காற்றிலுள்ள ஈரத்துக்கு ஏற்பப் பருக்கும், சுருங்கும். 80 சதவீத ஈரப்பதத்தில் மரத்துக்குள் ஏறத்தாழ 16 சதவீத நீர் நிற்கும். குளிரூட்டி தொடர்ந்து ஓடும் அறையில் அது 10 சதவீதமாக இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்குச் சுவரோரத்தில் 10 முதல் 12 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். சுவரடி இடைவெளியை மூடும் ஸ்கேர்ட்டிங் பட்டியைக் கழற்றிவிட்டு, சுவரை முட்டிக்கொண்டிருக்கும் ஓரத்தைக் கைவாளால் அறுத்தெடுத்தால் ஓரிரு நாளில் தரை படிந்துவிடும்.

பிளைவூட்டின் அடுக்குகளே பிரிந்து உப்பினால், பலகையின் பசை நீர் தாங்காதது. வாங்குவதற்கு முன்னரே ஒரு கையளவு துண்டைக் கொதிநீரில் சில மணி நேரம் இட்டுப் பார்த்திருக்க வேண்டும். அடுக்குப் பிரிந்தால் அந்தப் பலகை இந்த அறைக்கு ஆகாது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகளைப் பற்றி ஆராயவே தேவையில்லை. ஒருமுறை நீர் பட்டு உப்பினால் அவை பழைய தடிப்புக்குத் திரும்புவதில்லை.

அறிகுறி: சுவரடியில் மண்கோடு, பலகை தட்டினால் காகிதம்போல் ஒலிக்கிறது

கறையான். மண்ணிலிருந்து வரும் கறையானுக்கு இரண்டு மில்லிமீற்றர் வெடிப்பே பெருவீதி. தரையும் சுவரும் சந்திக்கும் கோட்டிலும், குழாய்கள் கொங்கிரீட்டைத் துளைத்து வரும் இடங்களிலும் அது மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு மேலேறும். கண்ட மண்கோட்டை உடனே துடைத்துவிடாதீர்கள். எங்கிருந்து தொடங்குகிறது என்பதைப் பின்தொடர்ந்து பார்த்து, அந்த இடத்தைக் குறியுங்கள். மண்ணெண்ணெய் தெளிப்பது கண்ணில் பட்டவற்றை மட்டும் கொல்லும், அறைக்குத் தீ அபாயத்தையும் கொண்டுவரும். பதிவு பெற்ற பீடைக்கட்டுப்பாட்டு நிறுவனம் சுவரோரமாகக் கொங்கிரீட்டைத் துளைத்து மண்ணுக்குள்ளேயே மருந்து செலுத்த வேண்டும். துளைப்பதற்கு முன் தரைக்குள் ஓடும் நீர்க்குழாயையும் மின்கம்பியையும் குறித்துக் கொடுப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு.

பழுதான சட்டங்களை மாற்றும்போது மரத்தைத் தெரிந்தெடுங்கள். பாலையும் முதிரையும் கறையானை நன்கு எதிர்க்கும். றப்பர் மரமும் அல்பீசியாவும் மருந்தூட்டாவிட்டால் எதிர்க்கா. றப்பர் மரத்துக்கு வழக்கமாக ஊட்டப்படும் போரான் உப்பு நீரில் கரையக்கூடியது என்பதால், ஈரம் நிற்காத அறையில் மட்டுமே அதை நம்பலாம். மொரட்டுவையில் மரம் வாங்கும்போது விலையை மட்டும் பேசிவிட்டு வந்துவிடாமல், எந்த மருந்து, எப்படி ஊட்டப்பட்டது என்றும் கேளுங்கள்.

அறிகுறி: மழை பெய்தால் தண்ணீரே உள்ளே வருகிறது

இந்த அறைக்கு மரத்தரை வேண்டாம். 2016 மே மாத வெள்ளத்தில் களனி ஆறு பெருகிக் கொலன்னாவைப் பக்கத்தில் வீடுகளுக்குள் நாட்கணக்காகத் தண்ணீர் நின்றதைப் பார்த்த எவரும், அத்தகைய தாழ்நிலத்தில் பலகை இடும்படி யோசனை சொல்ல மாட்டார்கள். பலகைக்கும் கொங்கிரீட்டுக்கும் இடையே சேற்றுநீர் புகுந்தால் அதை முழுவதுமாக வெளியேற்றவோ காயவைக்கவோ முடியாது. அங்கே மேடுபள்ளத்தைத் திருத்தித் தரையோடு ஒட்டிய ரைல்ஸ் இடுவதே நேர்மையான யோசனை. வேலை இழந்தாலும் நான் அதையே சொல்லி வந்திருக்கிறேன்.

அறிகுறி: கதவு தரையில் உரசுகிறது

சட்டம், இரண்டு அடுக்குப் பலகை, மேல்தரை எல்லாம் சேர்ந்தால் தரை எளிதில் இரண்டரை, மூன்று அங்குலம் உயர்ந்துவிடும். கதவின் அடியை அறுக்கலாம். ஆனால் வாசலில் உண்டாகும் சிறிய படி முதியவர்களை விழுத்தும். சட்டத்தை நீக்கி, மட்டக்கலவையின்மீது பொலித்தீனும், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றோடொன்று திருகிய இரண்டு 12 மில்லிமீற்றர் பிளைவூட் அடுக்குகளும் இட்டால் ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் முடிந்துவிடும். இதற்குத் தரை மேடுபள்ளமின்றி இருப்பது இரட்டிப்பு அவசியம்.

எந்தக் குறையைத் திருத்தி முடித்தாலும், மிகவும் சந்தேகமான மூலையில் ஓரடிச் சதுரத்துக்கு ஒரு பலகைத் துண்டைத் தனியாக வெட்டி, நான்கு திருகாணியால் மட்டும் பொருத்தி வையுங்கள். மே மழை ஓய்ந்ததும் ஒருமுறையும், நவம்பர் முடிவில் ஒருமுறையும் அதைக் கழற்றிக் கைவிளக்கை உள்ளே காட்டுங்கள். பலகையின் அடிப்புறத்தில் மானியை வைத்து இலக்கத்தைச் சுண்ணக்கட்டியால் அங்கேயே எழுதுங்கள். முந்திய முறையைவிட மூன்று சதவீதம் ஏறியிருந்தால், வாடை வரும்வரை காத்திராமல் வெளியே போய்ப் பீலியையும் கானையும் பாருங்கள்.